எஃப்எஸ்ஏவா, எச்எஸ்ஏவா: முதலாளிக்கு எதில் வேலை அதிகம்?

அமெரிக்காவில் பத்து, இருபது பேரை வைத்து நிறுவனம் நடத்துபவர்கள், ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கு வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் பணம் ஒதுக்க வழி செய்யலாம் என்று யோசித்தால் முதலில் கண்ணில் படுபவை எஃப்எஸ்ஏ (முதலாளி நடத்தும் மருத்துவச் செலவு ஒதுக்கீட்டுத் திட்டம்), எச்எஸ்ஏ (ஊழியர் பெயரிலேயே இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) இரண்டும்தான். ஊழியருக்கு எது லாபம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சம்பளப் பட்டியல் போடுபவருக்கு எது தலைவலி என்பதே இங்கே கேள்வி.

இரண்டுக்கும் பொதுவானது, வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிக்க இடம் தரும் வருமானவரிச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. எழுத்தில் ஒரு திட்ட ஆவணம் இருந்தே ஆகவேண்டும். அது இல்லாமல் பிடித்த பணம் வரிக்குரிய சம்பளமாகிவிடும். இப்படிப் பிடிக்கும் தொகைக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் முதலாளியின் பங்கும், பொதுவாக 7.65 சதவீதம், மிச்சமாகும். முதலாளிகள் இதில் ஆர்வம் காட்ட அதுவும் ஒரு காரணம்.

எஃப்எஸ்ஏவில் சுமை முழுக்க முதலாளி தலையில். 2026இல் ஒருவர் 3,400 டாலர் வரை ஒதுக்கலாம். ஜனவரியில் சேர்ந்தவர் பிப்ரவரியிலேயே முழுத் தொகைக்கும் ரசீது நீட்டினால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். மார்ச்சில் அவர் வேலையை விட்டுப் போனால், பிடிக்காமல் விட்ட பாக்கியைத் திருப்பிக் கேட்க முடியாது. செலவாகாத பணம் நிறுவனத்துக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் 680 டாலர் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விடலாம், அல்லது இரண்டரை மாதம் கூடுதல் அவகாசம் தரலாம். இரண்டையும் சேர்த்துத் தரக்கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆதாரம் சரிபார்க்க வேண்டும் என்பதால் பலர் இதை வெளி நிர்வாக நிறுவனத்திடம் விட்டுவிடுகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

இதற்கு மேல் எரிசா, அதாவது ஊழியர் நலத் திட்டங்களுக்கான மத்தியச் சட்டம். ஊழியருக்குத் திட்டச் சுருக்க விளக்கம் தரவேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமென்றால், வேலையை விட்டவரும் மருத்துவத் திட்டத்தில் தொடர வழி செய்யும் கோப்ரா விதிகளும் வரும். ஆண்டுத் தொடக்கத்தில் திட்டத்தில் 100 பேருக்குக் குறைவாக இருந்தால் படிவம் 5500 (திட்டத்தின் ஆண்டு அறிக்கை) பொதுவாகத் தேவைப்படாது. 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால், காலண்டர் ஆண்டுத் திட்டத்துக்கு ஜூலை 31 கெடு. 125ஆம் பிரிவுத் திட்டம் என்பதற்காகவே 5500 போடவேண்டும் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கடமையை வரித்துறை 2002இலேயே நிறுத்திவிட்டது.

எச்எஸ்ஏ கணக்கு ஊழியருடைய சொந்தக் கணக்கு. என்ன செலவு, ரசீது எங்கே என்று முதலாளி கேட்க வேண்டியதில்லை. கணக்கில் போட்டதையும் எடுத்ததையும் காட்டும் 5498-எஸ்ஏ, 1099-எஸ்ஏ படிவங்களைக் கணக்கை வைத்திருக்கும் நிதி நிறுவனமே அனுப்பும். கணக்கை நடத்துவதில் முதலாளி தலையிடாதவரை எரிசாவும் பொதுவாக ஒட்டாது. மிஞ்சுவது டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள விவரப் படிவம்) படிவத்தின் 12ஆம் பெட்டி, குறியீடு டபிள்யூ. நிறுவனம் போட்டதோடு, 125 வழியாக ஊழியர் சம்பளத்தில் பிடித்ததையும் அங்கேதான் சேர்த்துக் காட்டவேண்டும். அதை விட்டுவிட்டால் ஊழியர் வரிக் கணக்கோடு தரும் எச்எஸ்ஏ படிவம் 8889 ஒத்துப்போகாது. எஃப்எஸ்ஏவில் சம்பளத்திலிருந்து மட்டும் பிடித்த தொகைக்கு டபிள்யூ-2இல் இப்படி ஒரு பதிவே கிடையாது. அந்த ஒரு இடத்தில் எஃப்எஸ்ஏ எளிது.

எச்எஸ்ஏவின் முள் வேறு இடத்தில். உயர் கழிவுத்தொகைக் காப்பீடு (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் ஊழியர் கையிலிருந்து கட்டும் தொகை அதிகமாக உள்ளது) இருந்தால்தான் பணம் போடலாம்: 2026இல் தனிநபருக்குக் குறைந்தது 1,700, குடும்பத்துக்கு 3,400 டாலர் கழிவுத்தொகை. ஊழியர் தன் பிடித்தத்தை மாதம் ஒருமுறையாவது மாற்ற இடம் தரவேண்டும். நிறுவனம் தன் பங்கை 125க்கு வெளியே ஆளுக்கு ஆள் பாரபட்சமாகப் போட்டால் 35 சதவீதத் தண்ட வரி. வழக்கமான எஃப்எஸ்ஏ வைத்திருப்பவர் எச்எஸ்ஏவில் பணம் போட முடியாது; பல், கண் செலவுக்கு மட்டுமான எஃப்எஸ்ஏ என்றால் தடையில்லை.

என் கணக்கில், தனி மனிதவளப் பிரிவு இல்லாத நிறுவனத்துக்கு எச்எஸ்ஏதான். காப்பீடு அதற்குப் பொருந்தவில்லை என்றால் மட்டும் எஃப்எஸ்ஏ பக்கம் போகலாம், அதுவும் ஆள் அடிக்கடி மாறாத இடமாக இருந்தால்.

நம்மவர்களில் எஸ் கார்ப்பரேஷனாக (லாபத்துக்குப் பங்குதாரர்களே வரி கட்டும் நிறுவன வகை) பதிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் 125 திட்டத்தில் சேர முடியாது. அந்த நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதே தடை. எச்எஸ்ஏ கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவனம் அதில் போடும் பணம் அவருடைய சம்பளத்தில் சேரும். அதற்கான வரிச் சலுகையைத் தன் வரிப் படிவத்தில் அவரேதான் கோரவேண்டும்.