780 டிகிரியில் ஐந்து வருடம்: 310 ஸ்டீல் கூடைகளோடு என் அனுபவம்

கோவையில் ஹீட் ட்ரீட்மெண்ட் வேலை. ஃபோர்ஜிங் பாகங்களை அனீலிங் செய்ய, அதாவது சூடாக்கி மெதுவாக ஆற்றி மென்மையாக்க, ஒரு குழி ஃபர்னஸ் வைத்திருக்கிறோம். 780 டிகிரிக்கு ஏற்றி, மணிக்கணக்கில் நிறுத்தி, மெதுவாக இறக்குவோம். பாகங்களைச் சுமக்கும் கூடைகள் 310 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 25 சதவீதம் குரோமியம், 20 சதவீதம் நிக்கல். தொடர்ந்து சூட்டிலேயே இருந்தால் 1150 டிகிரி வரை காற்றில் தாங்கும் என்று கையேடுகளில் போட்டிருக்கும். 780-க்குத் தாராளம் என்று நம்பித்தான் வாங்கினோம்.

முதல் இரண்டு வருடம் குறையே இல்லை. அதற்கு முன் இருந்த மைல்ட் ஸ்டீல் கூடைகள் அப்பளம் அப்பளமாக உரிந்து கொட்டும். இதில் மெல்லிய கருப்புப் படலம் மட்டும்தான், கம்பி மெலியவேயில்லை.

மூன்றாம் வருடம் ஒரு கூடையின் மேல் வளையம் கோணிக்கொண்டது. நிமிர்த்தலாமென்று தரையில் கிடத்தி, சம்மட்டியால் ஓர் அடிதான் போட்டோம். வளையம் இரண்டாகிவிட்டது. "அண்ணா, கம்பி முறிஞ்ச மாதிரியே இல்லீங்க, மண்சட்டி உடைஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றார் வெல்டர். முறிந்த வாயைத் தடவிப் பார்த்தேன். புதுக் கம்பி என்றால் முன்னும் பின்னும் வளைத்து வளைத்து, இழுபட்டு மெலிந்த பிறகுதான் அறும். இது 12 மில்லி கம்பி, முறிந்த இடத்திலும் அதே 12 மில்லி. துளிகூட இழுபடவில்லை. உள்ளே மங்கலான சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியான உலோக மணிகள்.

ஒரு துண்டை லேபுக்கு அனுப்பினேன். பாலிஷ் செய்து, காரக் கரைசலில் மின்சாரம் விட்டு அரித்துக் காட்டினார்கள். மைக்ரோஸ்கோப்பில் மணிகளின் எல்லை நெடுக நிறம் ஏறிய திட்டுகள். அதுதான் சிக்மா. இரும்பும் குரோமியமும் சேர்ந்து உருவாகும் கடினமான சேர்மம். குரோமிய-நிக்கல் ஸ்டீல்களில் இப்படியொரு நொறுங்கும் பொருள் உருவாவதை 1927-லேயே பெயின், கிரிஃபித்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 600-லிருந்து 900 டிகிரிக்குள் ஆயிரக்கணக்கான மணி நேரம் கிடந்தால் அது மெல்ல மெல்ல வளரும். எங்கள் 780 அதன் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது.

சூட்டில் இருக்கும்வரை கூடை எதையும் காட்டிக்கொள்ளாது, சுமையைச் சுமக்கும். ஆறிய பிறகுதான் ஆபத்து. பக்கத்து ஃபர்னஸில், டூல் ஸ்டீலுக்கு 1020 டிகிரியில் ஓடும் 310 ட்ரேக்களும் அதே சமயத்தில் வாங்கியவைதான். அவை தொய்ந்தன, செதில் உதிர்ந்தன. ஆனால் தட்டினால் வளைந்தன, ஒன்றுகூட நொறுங்கவில்லை. அந்தச் சூட்டில் சிக்மா நிலைக்காது. சூடு குறைந்தால் ஸ்டீலுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய பாடம்.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று பலர் கேட்கிறார்கள். தெரியாது. பாகங்களின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றும் கார்பரைசிங் ஃபர்னஸின் கூடையில் காந்தம் ஒட்டினால் கார்பன் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சிக்மா காந்தத்துக்குப் பிடிபடாது.

இப்போது பழைய கூடையைக் குளிர்ந்த நிலையில் நாங்கள் தட்டுவதே இல்லை. நிமிர்த்த வேண்டுமென்றால் 1080 டிகிரிக்கு ஏற்றி, சிக்மா கரையும்வரை வைத்து, சட்டென்று ஆற்றிவிட்டுப் பிறகு நிமிர்த்துகிறோம். வெல்டிங்கும் அதற்குப் பிறகுதான். முன்பு அப்படியே வெல்டிங் போட்டபோது ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் ஓடியது. ஆனால் மறுபடி 780-ல் ஓடினால் சிக்மாவும் மறுபடி வளரும். இது கொஞ்ச காலத்துக்கான வைத்தியம்தான்.

இன்னொன்று, ஒரு மீட்டர் கம்பி 800 டிகிரி ஏறினால் சுமார் 14 மில்லி நீளும். இரண்டு முனையையும் இறுக்கி வெல்டிங் போட்டுக் கொடுக்கும் ஃபேப்ரிகேட்டரிடம் வாங்காதீர்கள். ஒரு முனை நகர இடம் வேண்டும்.

மீண்டும் 310 வாங்குவேனா? 1020 டிகிரி ஃபர்னஸுக்கு, தயங்காமல். குழி ஃபர்னஸுக்கு மாட்டேன். அங்கே 35 சதவீதம் நிக்கல், 19 சதவீதம் குரோமியம் உள்ள 330 ரக ஸ்டீல் கூடைகள் இரண்டு போட்டுப் பார்க்கிறோம். நிக்கல் கூடியிருப்பதால் சிக்மா பயம் இல்லை, விலைதான் கூடுதல். இரண்டு வருடம் ஆகிறது. சென்ற மாதம் ஒன்று லேசாகக் கோணியது. குளிர்ந்த நிலையிலேயே தட்டினோம், வளைந்து கொடுத்தது.