உறங்கும் வீரர்களா, செப்புச் சுரங்கமா?

1960-இல் வெளியான ஆலன் கார்னரின் ‘தி வியர்ட்ஸ்டோன் ஆஃப் பிரிசிங்கமென்’ சிறுவர் நாவலுக்குத் தீனி போட்டவை இரண்டு. இரண்டும் இங்கிலாந்தின் செஷயரில், ஆல்டர்லி எட்ஜ் குன்றிலேயே கிடைத்தவை.

முதலாவது, கார்னர் தாத்தாவிடம் கேட்ட நாட்டார் கதை. மோபர்லி என்ற ஊரின் விவசாயி ஒருவர் வெள்ளைக் குதிரையை மேக்கிள்ஸ்ஃபீல்டு சந்தைக்கு ஓட்டிப் போகிறார். வழியில் ஒரு கிழவர் விலை கேட்க, தர மறுக்கிறார். சந்தையில் யாருமே வாங்கவில்லை. திரும்பும்போது அதே கிழவர் பாறையைத் திறந்து, உள்ளே உறங்கும் வீரர்களைக் காட்டுகிறார். ஒருவருக்குக் குதிரை குறைகிறதாம்!

இரண்டாவது, வரலாறு: வெண்கலக் காலத்திலேயே தோண்டத் தொடங்கிய செப்புச் சுரங்கங்கள்.

சரி, எது பெரிது? நாவல் தொடங்குவது கதையில்தான். ஆனால் நாவலின் நாயகர்களான பிள்ளைகள் இருட்டுப் பொந்துகளில் ஊர்ந்து தப்பும் பகுதிக்குச் சுரங்கமே கைகொடுத்தது. அந்தக் கிழவர் மந்திரவாதியாக வரும் பக்கங்களைவிட, எனக்கு மூச்சு முட்டியது அங்கேதான்.