மெல்போர்ன்ல படிக்க வர்றவங்களுக்கு: எங்க யூனி கவுன்சிலிங் சர்வீஸ் எப்படி?

யூனி பேரு போடல. இங்க எல்லா யூனிலயும் இப்படி ஒரு சர்வீஸ் இருக்கு, அதனால யாருக்கும் உதவும்னு எழுதறேன்.

முதல்ல, இது ஃப்ரீ. இந்த ஊர்க்காரங்களுக்கு மெடிகேர்னு அரசு மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கு, ஜிபி (குடும்ப டாக்டர்) மனநல சிகிச்சைக்கு பிளான் எழுதிக் கொடுத்தா வருஷத்துக்கு 10 செஷன் வரைக்கும் ரிபேட் கிடைக்கும், ஸ்டூடன்ட் விசால வந்த நமக்கு அது கிடையாது, வெளிய சைக்காலஜிஸ்ட் ஒரு தடவ பாக்குற காசு கிட்டத்தட்ட ஒரு வார வாடகை. அதனால நமக்கு இத விட்டா வேற வழி கம்மி.

குறை என்னன்னா வெயிட்டிங். எக்ஸாம் சமயத்துல கேட்டா வாரக்கணக்குல தள்ளித்தான் தேதி கிடைக்குது. எனக்கு முதல்ல கிடைச்ச கவுன்சிலர் நல்லவங்கதான், ஆனா அம்மா அப்பா கிட்ட "இவ்ளோதான் பேசுவேன்"னு சொல்லிடுன்னாங்க. நிலத்த அடமானம் வச்சு லோன் போட்டு அனுப்பின அப்பாகிட்ட நான் எப்படிங்க அத சொல்றது? ஆள மாத்திக் கேட்டேன், ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. அடுத்து வந்தவங்க லோன் யாரு கட்டுறா, அம்மா போன்ல முதல்ல என்ன கேப்பாங்கன்னு ஆரம்பிச்சாங்க. அன்னிக்குதான் எனக்கு வாயே திறந்துச்சு.

ஆனா நான் அடிச்சு சொல்றது குரூப் செஷன். கோவிட்னு 2020 மார்ச்ல நாட்டு பார்டர மூடினவங்க ஸ்டூடன்ட்ஸுக்கு திறக்க 2021 டிசம்பர் ஆயிடுச்சு, அதுல மாட்டின ஒரு சீனப் பொண்ணு டிகிரில பெரும்பகுதிய வீட்டு பெட்ரூம்லயே முடிச்சுட்டு இப்ப மாஸ்டர்ஸுக்கு வந்திருக்கு, கிளாஸ்ல பக்கத்துல இருக்குறவங்ககிட்ட பேசவே பயமா இருக்குங்குது. கொலம்பியாக்காரர் ஒருத்தர் அப்ப இங்கயே மாட்டிக்கிட்டவரு, கஃபே வேல போச்சு, ஜாப்கீப்பர்னு அரசு கொடுத்த சம்பள உதவிப் பணம் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸுக்கு இல்லன்னுட்டாங்க, இன்னும் அந்தக் கோபம் அவர்கிட்ட இருக்கு. உள்ளூர்ப் பசங்க "எனக்கு ஆங்சைட்டி"ன்னு நேரா சொல்லுவாங்க, அந்தப் பொண்ணும் நானும் தலைவலி, தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குதுன்னுதான் சொல்லுவோம். நடத்துறவங்களுக்கு அது புரியுது, "சாப்பிட்டியா, எத்தன மணிக்குத் தூங்குற"ன்னு அங்கருந்தே பிடிச்சு உள்ள போறாங்க. இந்த ஒண்ணுக்காகவே 5-க்கு 4 கொடுப்பேன்.

நம்ம பசங்க நிறைய பேர் போகாததுக்குக் காரணம் விசா பயம். பேசுறது ரகசியம்தான், உயிருக்கு ஆபத்து, சட்டப்படி சொல்லியே ஆகணும்ங்கிற விஷயம் தவிர வீட்டுக்கோ இமிக்ரேஷனுக்கோ போகாது. இன்னொண்ணு, உடம்போ மனசோ ரொம்ப முடியலன்னா பாடத்த குறைக்கவோ செமஸ்டர தள்ளிப்போடவோ ரூல்லயே இடம் இருக்கு, கவுன்சிலர் லெட்டர் அதுக்கு உதவும். ஆனா யூனி அப்ரூவல் கைக்கு வந்தப்புறம்தான் நிறுத்தணும், நீங்களா கிளாஸுக்குப் போகாம விட்டா அதுதான் விசாவுக்கு சிக்கல்.

ராத்திரி தாங்க முடியலன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க தம்பி தங்கச்சிங்களா. லைஃப்லைன்னு மன நெருக்கடில பேசுறதுக்கான போன் சர்வீஸ் இருக்கு, நம்பர் 13 11 14, 24 மணி நேரமும் எடுப்பாங்க. தமிழ்ல பேசணும்னா 131 450-க்குப் போட்டு தமிழ் இன்டர்பிரெட்டர் வேணும், லைஃப்லைனுக்குக் கனெக்ட் பண்ணுங்கன்னு கேளுங்க. உயிருக்கே ஆபத்துன்னா நேரா 000.