வடகடல் சேறு, தென்கடல் மணல்: டஸ்டரை உயர்த்துவதா, டயரை மாற்றுவதா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் இந்தக் கரையின் குணம் புரிந்துவிடும். வடக்கே பாக் நீரிணை. அலை அடங்கிய கடல், அதனால் மீனவர்கள் அதைப் பெண் கடல் என்பார்கள். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, முள்ளிமுனை, காரங்காடு என்று தொண்டி வரைக்கும் கரையோரம் பெரும்பாலும் களியும் சேறும்தான். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். புதுமடம், பெரியபட்டினம், சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் போனால் மணல், மணல், மணல். இரண்டுக்கும் நடுவே நிலத்துக்குள் சீமைக்கருவேலங்காடு, அதைத் தாண்டிக் கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் கரிசல். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இந்த நான்கையும் ஒரு வண்டி பார்த்துவிடும்.

என்னிடம் இருப்பது 2016 மாடல் ரெனோ டஸ்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ், இரண்டாம் கைக்கு வாங்கியது. காட்டுப் பாதைக்கு என்று யாரும் முதலில் நினைக்கிற வண்டி அல்ல. அடியில் தனிச் சட்டம் (லேடர் ஃபிரேம்) கிடையாது, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கவைக்கும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. ஆனால் 1.5 லிட்டர் டீசல் என்ஜின், 110 குதிரைத்திறன், ஆறு கியர், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி, பின்னால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன். முதல் கியரை மிகவும் மெதுவாக இழுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் மனிதர் நடக்கிற வேகத்தில் ஊரும். ஆல் வீல் டிரைவை லாக்கில் போட்டால் குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் சமமாக இழுக்கும்.

இதைத் தடத்துக்குத் தயார் செய்ய வேண்டும் என்றதும் என் முன்னால் மூன்று வழிகள் வந்தன. வண்டியை உயர்த்துவது. உயரத்தைத் தொடாமல் டயர், வண்டியின் வயிற்றைக் காக்கும் அடித்தகடு, காற்று அடிக்கும் கம்ப்ரசர் என்று செலவு செய்வது. மூன்றாவது, இதை விற்றுவிட்டு மாருதி ஜிம்னி எடுப்பது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மூன்றாவதைத்தான் சொன்னார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

உயரம்

உயர்த்துவதற்கும் இந்த மண்ணில் ஒரு நியாயம் இருக்கிறது. கருவேலங்காட்டுக்குள் இருக்கும் தடங்களில் பல, கரிமூட்டம் போடுகிறவர்களின் டிராக்டர் போட்ட தடங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர் போன பள்ளம் தை மாதம் காய்ந்து செங்கல் மாதிரி ஆகிவிடும். நம் சக்கரம் இரண்டும் பள்ளத்தில் இறங்கினால் நடுமேடு வண்டியின் வயிற்றை உரசும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் யாரும் இன்னும் இரண்டு அங்குலம் வேண்டும் என்றுதான் நினைப்பார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பட்டறையில் நான்கு பக்கமும் ஸ்பிரிங்கோடு சேர்த்து 40 மில்லிமீட்டர் ஸ்பேசர், அதாவது உயரம் கூட்டும் துண்டு, வைத்துக் கொடுத்தார்கள். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான்காவது மாதம், திருப்பும்போது முன்பக்கம் டக் டக் என்று சத்தம். தூக்கிப் பார்த்தால் ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, உள்ளே கிரீஸோடு மணல் அரைபட்டுக் கிடந்தது. காரணம் எளிது. ஸ்பேசர் உடலை மட்டும்தான் மேலே தூக்குகிறது; சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. என்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் அதிகச் சாய்வில் சுழல வேண்டும். அந்தச் சாய்வில் ரப்பர் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். இங்கே காற்றிலேயே மணல் இருப்பதால் கிழிசல் விழுந்த பிறகு அவகாசமே கிடைக்காது.

இன்னொரு நஷ்டம் வெளியே தெரியாது. ஸ்பேசர் சஸ்பென்ஷனின் அசைவைக் கூட்டுவதில்லை. ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே நீண்டபடி நிற்பதால், பள்ளத்துக்குள் சக்கரம் கீழே இறங்குகிற தூரம் குறைகிறது. கண்மாய்க்கரையிலிருந்து குறுக்காக இறங்கும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். சக்கரம் தரையில் இல்லாவிட்டால் ஆல் வீல் டிரைவ் இருந்து என்ன பயன்?

ஸ்பேசருக்குப் பதில் நீளமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் போடுவது கௌரவமான வழி. ஆனாலும் ஆக்சில் சாய்வு அங்கேயும் உண்டு. இருபது மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டால் தாங்கும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் போனால் பாம்பன் பாலத்தில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும்.

டயர்

ஸ்பேசரைக் கழற்றிய பிறகு டயரில் கவனம் போனது. இந்தக் கரைக்கு டயர் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையில் கடினம். வடகடல் கேட்கிற டயரும் தென்கடல் கேட்கிற டயரும் வேறுவேறு.

முள்ளிமுனை, காரங்காடு பக்கத்துக் களியில், மேலே காய்ந்த ஏடு படிந்திருக்கும், அடியில் வெண்ணெய் போல் களி இருக்கும். உப்பளத்து ஓரங்களிலும் இதே கதைதான். இங்கே சாதாரண ரோட்டு டயரின் பள்ளங்கள் இரண்டு சுற்றில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வழவழப்பான உருளைதான். பெரிய பெரிய கட்டைகள் வைத்த மட் டெரெய்ன் டயர் சேற்றை உதறிவிட்டுப் பிடிக்கும். சேறு மட்டும்தான் என் பாதை என்றால் அதையே வாங்கியிருப்பேன்.

அதே டயரோடு வாலிநோக்கத்து மணலில் இறங்கினால் அது மண்வெட்டி ஆகிவிடும். மணலில் பிடிமானம் தோண்டுவதில் கிடைப்பதில்லை, மேலே மிதப்பதில்தான் கிடைக்கிறது. தனுஷ்கோடிக்குப் பழைய நாளில் வேன் ஓட்டியவர்களைக் கேட்டால் இதை அழகாகச் சொல்வார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறப்பதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தவர்கள் அவர்கள். அப்படி ஓட்டிய அண்ணன் ஒருவர் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “காத்தை எறக்குங்க தம்பி. பாதியில நிக்காதீங்க. நின்னா முறுக்காதீங்க, வந்த தடத்துலயே பின்னால எடுங்க.”

32 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் போகிற டயரை மணலுக்கு முன்னால் 18-க்கு இறக்கினால், அது அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் படியும். அந்த நீண்ட பாதம்தான் வண்டியை மிதக்கவைக்கிறது. சிக்கிக்கொண்டால் 15 வரை போகலாம். அதற்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

சரி, காற்றை இறக்கினால் எல்லாம் முடிந்ததா என்றால், நம் ஊரில் முடியவில்லை. சீமைக்கருவேல முள் இருக்கிறதே! இரண்டு அங்குலம் வரை நீளும் முள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். முள் அங்கேதான் ஏறும். நடுப்பகுதியில் ஏறினால் ரப்பர் ஸ்ட்ரிப் வைத்து அடைக்கலாம், பக்கச்சுவரில் ஏறினால் பெரும்பாலும் டயரே போச்சு. மணலுக்கு முன்னும் பின்னும் முள்காடு இருப்பதால், இறக்கிய காற்றோடு காட்டுக்குள் நுழையவே கூடாது. அதனால்தான் கம்ப்ரசரை நான் அலங்காரச் சாமானாக நினைப்பதில்லை. மணல் முடிகிற இடத்திலேயே நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்று ஏற்றி, அப்புறம்தான் காட்டுத் தடத்தில் கால் வைக்க வேண்டும். முள் ஏறிவிட்டால் அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். அது இருக்கும் வரை ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். பஞ்சர் கடை வரை அப்படியே ஓட்டி வந்துவிடலாம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் ரோட்டுக்கும் தடத்துக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் வாங்கினேன். சேற்றில் மட் டெரெய்னுக்கு ஒரு படி கீழே, மணலில் அதைவிட இரண்டு படி மேலே, முள்ளுக்கு ரோட்டு டயரைவிடத் தடித்த பக்கச்சுவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் இரைச்சல், டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கிறது. ஏற்றுக்கொண்டேன்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. என் டஸ்டரின் டயர் அளவு 215/65 ஆர்16: அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 16 அங்குலம். பலர் 215/70-க்குப் போகிறார்கள். விட்டம் 21 மில்லிமீட்டர் கூடும், வண்டி அதில் பாதி, சுமார் 11 மில்லிமீட்டர் உயரும். ஸ்பேசர் மாதிரி இல்லாமல், சக்கர மையத்தையே தூக்குகிற உண்மையான உயரம் இது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நான் பழைய அளவிலேயே நின்றுவிட்டேன்.

நடுமேடு உரசுவதற்கு உயரத்தைவிட அடித்தகடு நல்ல பதில். அலுமினியம் இலேசு, ஆனால் இரும்பு போல்ட்டோடு சேர்ந்து உப்புக்காற்றில் அரிக்கும். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் எபாக்ஸி பெயின்ட் அடித்து, மணலும் தண்ணீரும் வடிய ஓட்டைகள் போடச் சொன்னேன். ஓட்டை இல்லாவிட்டால் தகட்டின் மேல் உப்பு மணல் ஈரத்தோடு தங்கி, காக்க வந்ததே துருவுக்கு வீடாகிவிடும்.

ஜிம்னி

2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னியில் பெரியபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், என் மச்சானுடையது. தடத்தில் அது டஸ்டரைவிடச் சிறந்த வண்டி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனிச் சட்டம், லோ ரேஞ்ச், முன்பம்பர் இடிக்காமல் மேட்டில் ஏற 36 டிகிரி ஏற்றக் கோணம். 195/80 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 156 மில்லிமீட்டர் உயரம், டஸ்டருக்கு 140-தான். காற்றை இறக்கும்போது அந்த உயரம் எவ்வளவு உதவுகிறது என்பதை ஓட்டினால்தான் தெரியும். லோ ரேஞ்சில் போட்டால் களியில் பதற்றமே இல்லாமல் ஏறி வருகிறது.

டஸ்டர் தோற்பதும் இங்கேதான். என்ஜின் நிமிடத்துக்கு 1,750 சுற்றுக்குக் கீழே இருந்தால், இழுவை கூட்டும் டர்போ தூங்கும். அதனால் மணலில் கிளட்ச்சை அரைக்கத் தோன்றும், அரைத்தால் வாசனை வரும். முறுக்கி முறுக்கி எடுத்தால் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் காந்தக் கப்ளிங் சூடேறித் தன்னைத்தானே காத்துக்கொள்ள விலகிவிடும். அப்போது இறங்கி வேப்பமர நிழல் தேட வேண்டியதுதான்.

ஆனால் என் வாழ்க்கை தடத்தில் மட்டும் இல்லை. மாதத்துக்கு இரண்டு முறை அம்மாவை மதுரைக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். ஜிம்னியின் டிக்கியில் 208 லிட்டர், டஸ்டரில் 410. பின்சீட்டில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, “ஆடவே இல்லையேப்பா” என்று சொல்வது டஸ்டரில்தான். தனியாளாக, காட்டுக்கென்றே வண்டி வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஜிம்னி எடுக்கட்டும். டஸ்டர் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறவர் விற்க வேண்டாம். பழைய மாருதி ஜிப்சி கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். இலேசான வண்டி, மணலில் பூனை மாதிரி போகும். இந்தக் கடற்கரையில் இருபது வருடம் நின்ற ஜிப்சியின் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள்.

எந்த வண்டியானாலும், மீன் வண்டிகள் போய்ப் பழகிய தடத்தை விட்டு இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் இந்த மணல்மேடுகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. மேலே பார்த்தால் மணல்தான் தெரியும், கீழே நூறு முட்டை இருக்கும். தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025-ல் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நம் டயருக்கு வேலை கிடையாது.

டிக்கியில் நான் வைத்திருப்பவை: கம்ப்ரசர், காற்றளவு காட்டும் மீட்டர், சின்ன மண்வெட்டி, இழுகயிறு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை, இரண்டு சாக்கு. சக்கரத்துக்கு அடியில் போட மட்டை தேடுவதாக இருந்தால் தென்னை மட்டையாகப் பாருங்கள். பனை மட்டை எங்கேயும் கிடைக்கும், ஆனால் அதன் கருக்கு டயரையே அறுத்துவிடும். அப்புறம் வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், அன்று இரவே நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுக்கக் கழுவிவிடுவேன். சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, விரலில் மணல் ஒட்டாத வரைக்கும்.