வைஃபை அறுந்தால் மதர்போட் மாற்றாதீர்கள்: மட்டக்களப்பில் 32,000 ரூபா கொடுத்த கதை

மட்டக்களப்பு நகரில் லெப்டொப் திருத்தக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிகிறது என்றார்கள். அந்த வாரமே எங்கள் நாலு வருடப் பழைய லெப்டொப்பை 11க்கு மாற்றினேன். மறுநாளே வைஃபை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் அறுந்தது. கூடவே புளூடூத் மவுஸும் நின்றது. மூடி வைத்துத் திறந்தால் வைஃபை அடையாளமே காணாது. ரீஸ்டார்ட் செய்தால் வரும். மகளுக்கு ஏ.எல். சூம் வகுப்பு. பொறுமையில்லாமல் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணன், வீடு கல்லடிப் பக்கமா?"

ஓம் என்றேன்.

"அதான். உப்புக் காத்து. மதர்போட்ல கறள் ஏறிட்டு. இப்ப மாத்தாட்டி மறுகா ஒண்டும் செய்யேலாது."

நம்பிவிட்டேன். வீட்டுக் கேற்றும் ஜன்னல் கொளுக்கியும் கறள் பிடிப்பதைத் தினமும் பார்க்கிற ஆள் நான். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்று சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. உப்புக் காற்று அப்டேட் செய்த நாள் பார்த்தா போட்டைத் தின்னும் என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை. 38,000 கேட்டு 32,000க்கு இறங்கினார். சிட்டை கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதித் தந்தார்.

ஐந்தாம் நாள் லெப்டொப் வந்தது. பழைய போட்டையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள், நேர்மையான கடை என்று மனைவியிடம் வேறு சொன்னேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே கதை.

கல்முனையில் இருக்கும் மருமகனிடம் கொண்டுபோனேன். அவன் எதையும் கழற்றவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு பென்டிரைவில் இருந்தது, அதை லெப்டொப்பில் நிறுவாமலே ஓட்டினான். யூடியூப்பைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். இரண்டு மணி நேரம் ஒருதரம்கூட அறவில்லை. "மாமா, மதர்போட்டோ வைஃபை கார்ட்டோ பழுதெண்டா இதிலயும் அறுந்திருக்கும். இது டிரைவர் பிரச்சினை" என்றான். டிரைவர் என்றால் வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்.

கடையில் செய்ததெல்லாம் விண்டோஸைப் புதிதாகப் போட்டது மட்டும்தான். அதோடு வந்த டிரைவரில் இரண்டு நாள் ஓடியிருக்கிறது. பிறகு அப்டேட், பொருந்தாத அந்தப் புது டிரைவரைத் திரும்பவும் இறக்கிவிட்டது. மருமகன் டிவைஸ் மேனேஜரில் வைஃபையைத் திறந்து முந்தைய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக் டிரைவர்' அமர்த்தினான். மின்சாரம் மிச்சம்பிடிக்க அந்தக் கார்டை அணைத்துவிட அனுமதிக்கும் குறியையும் எடுத்துவிட்டான். பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து அறவில்லை. 11க்கு மாறிப் பத்து நாளுக்குள் என்றால் 'ரிகவரி' பக்கத்தில் பழைய விண்டோஸுக்கே திரும்ப வழி இருந்திருக்கும். புதிதாகப் போட்டதில் அதுவும் போய்விட்டது. இன்னொன்று, எங்கள் மெஷினில் வைஃபை கார்ட் மதர்போட்டோடு ஒட்டியதே இல்லை. இரண்டு வயர் கொளுவிய ஒரு சின்னத் துண்டு, தனியாக மாற்றலாம்.

பையிலிருந்த 'பழைய போட்'டை மருமகன் எடுத்துப் பார்த்துச் சிரித்தான். அதில் மொனிட்டருக்குப் போகும் விஜிஏ வயர் செருகும் இடம் இருந்தது. எங்கள் லெப்டொப்பில் அப்படியொரு துளையே இல்லை.

அதைக் கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்தேன். "ஆக்கள்ற போட் மாறிட்டுப் போல" என்றார். அப்போ என்னுடையது எங்கே என்று கேட்டேன். பேச்சில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அங்கேயே நின்று அடிக்கப் போன பிறகுதான் லாச்சியைத் திறந்து 20,000 எண்ணினார். மீதி 12,000 சேர்விஸ் சார்ஜாம். அதற்கும் சிட்டை கேட்டேன். இன்னொரு விசிட்டிங் கார்டை எடுத்தார்.