எல்லி, லூயிஸ், பாரோ: பேஷன்ட்டுக்கு எது செட் ஆவுது?

"தண்ணி, சிகரெட் பழக்கம் உண்டா"ன்னு டாக்டர் கேட்டா நம்மாளுங்க முக்கால்வாசி பேர் "எப்பயாச்சும் சார்"னு தான் சொல்லுவோம், பக்கத்துல வீட்டம்மா உக்காந்திருந்தா அந்த எப்பயாச்சும் கூட வாய்ல வராது. இதே கேள்விய ஸ்கிரீன்ல ஒரு பொம்மை கேட்டா?

அமெரிக்காவுல சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில அதுக்குன்னே ஒண்ணு பண்ணாங்க, பேரு எல்லி. ஸ்கிரீன்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கும், நீங்க பேசப்பேச தலைய ஆட்டும், ம்ம் கொட்டும். 2014ல 239 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல பாதி பேர்கிட்ட இது முழுக்க கம்ப்யூட்டர்னும் மத்தவங்ககிட்ட பின்னாடி ஆள் உக்காந்து இயக்குறாங்கன்னும் சொன்னாங்க. கம்ப்யூட்டர்னு நம்பினவங்க தான் பயம் இல்லாம பேசியிருக்காங்க, சோகத்தையும் மறைக்கல. ரெண்டு குரூப்புக்கும் காட்டுனது ஒரே மூஞ்சி தான், ஆனா "யாரும் ஒட்டுக் கேக்கல"ங்கற தைரியம் ஒரு குரூப்புக்கு தான் இருந்துச்சு.

சரி, அப்ப மூஞ்சியே வேணாமேன்னு தோணும். 1966ல அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டியில வெய்சன்பாம்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி பண்ண எலைசாங்கற சாட் ப்ரோக்ராமுக்கு மூஞ்சி கிடையாது, வெறும் எழுத்து தான். அவரு அத உருவாக்குறத கூடவே இருந்து பாத்த செக்ரட்டரியே, அதோட டைப் பண்ணி பேசறப்ப "நீங்க கொஞ்சம் வெளிய போங்க"ன்னு அவரையே அனுப்பிட்டாங்களாம். ஆனா மனசு விட்டு பேச வைக்கிறது வேற, சரியான பதில் சொல்றது வேற. 2023ல அமெரிக்காவுல சாப்பாட்டுக் கோளாறு உள்ளவங்களுக்காக வச்சிருந்த டெஸ்ஸாங்கற சாட்பாட் வெயிட் குறைக்க டிப்ஸ் குடுக்க ஆரம்பிச்சு, உடனே தூக்கிட்டாங்க. யார்கிட்ட போய் என்ன சொல்லுது பாருங்க.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது லூயிஸ் தான். பாஸ்டன்ல டிஸ்சார்ஜ் ஆகப்போற பேஷன்ட்டோட கட்டில் பக்கத்துல ஒரு டச் ஸ்கிரீன்ல வந்த கார்ட்டூன் நர்ஸ், டிமோதி பிக்மோர்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் பண்ணது. கிராபிக்ஸ் பாத்தா சுமார் தான். ஆனா பேஷன்ட் கையில இருக்கற அதே புக்லெட்ட ஸ்கிரீன்லயும் காட்டி பக்கம் பக்கமா இந்த மாத்திரை எதுக்கு, எப்ப போடணும்னு விரல் வச்சு சொல்லும், அப்புறம் புரிஞ்சுதான்னு கேள்வி கேட்டு, தப்பா சொன்னா திரும்ப விளக்கும். நெறைய பேர் டாக்டர், நர்ஸ விட இதுவே பரவாயில்லன்னு சொல்லியிருக்காங்க. காரணம் சிம்பிள், அதுக்கு அடுத்த பெட்டுக்கு ஓட வேண்டியதில்ல. மருந்துச் சீட்ட கையில திணிச்சுட்டு ஓடற நர்ஸ் மேல குத்தம் சொல்லல, ஒரு ஆளு எத்தன பெட்ட தான் பாப்பாங்க.

பாரோ இதுக்கெல்லாம் நேர் எதிர், பேசவே பேசாது. ஜப்பான்ல பண்ண ரோபோ சீல் (கடல் நாய்) குட்டி, ஏறக்குறைய 2.7 கிலோ, தடவிக் குடுத்தா கண்ண மூடி முனகும், சார்ஜர் பாப்பா வாய்ல வைக்கிற சூப்பான் ஷேப்ல இருக்கும். ஏன் சீல்னா, நாய் பூனைன்னா நெசத்தோட ஒப்பிட்டு "இது பொம்மை"ன்னு சொல்லிடுவாங்க, சீல வீட்ல வளத்தவங்க யாரு? மறதி நோய் வந்த பெரியவங்க மடியில வச்சு கொஞ்சுறாங்க. 2009ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ இத மருத்துவக் கருவியாவே ஏத்துக்கிச்சு. பெரியவங்கள ஏமாத்துறதா இதுன்னு கேக்குறவங்களும் உண்டு, எனக்கும் அதுல கொஞ்சம் உறுத்தல் தான்.

இவ்வளவுக்கும் நடுவுல நெஜ டாக்டர் மூஞ்சியே மெஷின்ல வந்த கதையும் இருக்கு. 2019ல கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல ஒரு ஆஸ்பத்திரியில 78 வயசு தாத்தாகிட்ட "இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல"ங்கற சேதிய சக்கரம் வச்ச வீடியோ ரோபோ வழியா டாக்டர் சொன்னாரு. பேசினது முழு மனுசன், ஆனா குடும்பமே கொதிச்சுப்போச்சு. தாத்தாவுக்கு ஒரு காது சரியா கேக்காது, அந்த ரோபோவால கட்டிலுக்கு அந்தப் பக்கம் போக முடியல, கடைசில பேத்தி தான் குனிஞ்சு அந்த வார்த்தைய அவர் காதுல திரும்ப சொல்ல வேண்டியதாப் போச்சு.