பொலிஸா, மத்தியஸ்த சபையா, வேறு வீடா? பக்கத்து வீட்டுச் சத்தத்தோடு மல்லுக்கட்டிய கதை

ஹட்டன் பக்கம் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இந்த மாதிரி வீட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரே தகரக் கூரை, அதற்குக் கீழே மூன்று குடும்பம். நடுச்சுவர் கூரையைத் தொடாது; மேலே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறு வயசு" என்று சொல்லலாம். தும்மல் என்றால் பரவாயில்லை. எங்களுக்கு வந்தது பக்கத்து வீட்டில் இரவு 11 மணிக்குப் பிறகு போடும் பஃபிள் செட், அதாவது பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். மகளுக்கு அது ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருஷம்.

வீட்டுக்காரரிடம் போனேன். அந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தாலே பாதிச் சத்தம் குறையும் என்றேன். "தம்பி, மத்தவங்க எல்லாம் ஒத்துப் போறாங்க. உங்களுக்குச் சரிவரலன்னா வேற எடம் பாத்துக்கங்க" என்றார். வாடகைக்கு ரசீது தராத மனிதர், வேறென்ன சொல்வார்?

அவர் சொன்ன வழியையே முதலில் யோசித்தேன். லொறிக் கூலி, புது இடத்துக்கு முற்பணம், பிள்ளையின் பள்ளிக்கூடத் தூரம். பழைய முற்பணம் அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது சட்டி பானையைக் கட்ட மனம் வரவில்லை. தனி ஆளென்றால் நான் போயிருப்பேன்.

அடுத்தது பொலிஸ். சட்டம் நம் பக்கம்தான். ஒரு வளவின் ஒலிபெருக்கிச் சத்தம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அந்த வளவைத் தாண்டக்கூடாது என்று 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் நகரசபைப் பகுதிக்கு இரவில் 50 டெசிபல், பிரதேச சபைப் பகுதிக்கு 45. (மார்கழியில் விடியுமுன் கோயில் ஸ்பீக்கர் பாடுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு நானும் எழுந்து குளிக்கிறவன்.) இரண்டு முறை பொலிஸ் அவசர எண்ணான 119க்கு அழைத்தேன். வந்தார்கள், சொன்னார்கள், சத்தம் அடங்கியது. மூன்றாம் நாள் மறுபடியும் தொடங்கியது. அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிரே வந்தால் பக்கத்து வீட்டு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டு வருவதும் நின்றது.

அடிதடி, மிரட்டல் என்றால் பொலிஸைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆனால் என் பிரச்சினை அந்த ஒரு முழ இடைவெளி. பாட்டுப் போடுகிறவரை அடக்கலாம், இடைவெளி வீட்டுக்காரருடையது. அவரைக் கொண்டுவந்து உட்கார வைக்க 119க்கு வேலையில்லை. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி இணங்க வைக்கிற மத்தியஸ்த சபையை நான் தேடிப் போனதற்கு முழுக் காரணம் இதுதான்: அங்கே இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகப் போடலாம்.

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்கிற சபை இது. எங்கே, எப்போது கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சனிக்கிழமை. ஒரு நாள் சம்பளம் போகவில்லை. சட்டத்தரணி நமக்காகப் பேச முடியாது, நாமே பேச வேண்டும். வீட்டுக்காரரின் மருமகன் சட்டத்தரணி என்பதால் அது எனக்குப் பெரிய நிம்மதி.

முதல் தவணைக்கு வீட்டுக்காரர் வரவில்லை. இரண்டாம் தவணைக்கு வெள்ளைச் சட்டையோடு வந்தார். மத்தியஸ்தர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "கூரை யாருடையது?" என்று மட்டும் கேட்டார். "என்னுடையது." "அப்போ ஓட்டையும் உங்களுடையதுதானே?" பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்துவிட்டார். அதோடு அறை இளகியது. எங்கள் வீட்டில் எல்லாம் கேட்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்றார் அந்த அண்ணன். அதை முழுதாக நம்பவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். இரவு 9 மணிக்குப் பிறகு பஃபிள் இல்லை, ஒரு மாதத்துக்குள் பலகை, வாடகைக்கு ரசீது. மூன்றையும் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம்.

குறையையும் சொல்ல வேண்டும். சபை தீர்ப்பு எழுதாது, யாரையும் கட்டாயப்படுத்தாது. ஒருவர் ஒத்துவரவே மாட்டேன் என்றால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைத் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். நான் அதுவரை போகவில்லை, அந்தப் பாதை எப்படியிருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. அழைத்தும் வராமலே இருக்கும் வீட்டுக்காரர் கிடைத்திருந்தால் நானும் லொறிதான் பிடித்திருப்பேன்.

பலகை ஆறாவது வாரம் வந்தது, முன்னறைக்கு மட்டும். சமையலறைப் பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. அந்த வழியாகப் போன கிழமை ஒரு குரல்: "அக்கா, கறிவேப்பிலை இருக்கா?"